அரிக்கன் சட்டியும் ஈய மணலும்

அம்மா காலமாகி ஓராண்டு கழித்துத்தான் கோலாலம்பூர் பக்கத்துச் சுங்கை பீசி வீட்டைக் காலி செய்ய எங்களுக்கு மனம் வந்தது. அடுப்படி அலமாரியின் மேல்தட்டில், பழைய தமிழ் நேசன் தாள்களில் சுற்றி இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று பாட்டியின் அரிக்கன் சட்டி. இன்னொன்று அப்பாவின் மருந்து பாட்டில். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பாட்டில்தான், ஆனால் தூக்கியதும் கை சட்டென்று தாழ்ந்தது. உள்ளே கறுப்பும் பழுப்புமாக மணல். மூடியின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்திரியில் அப்பாவின் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: 'ஈயம்'.

அரிக்கன் சட்டியைப் பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். அகன்ற வாயும் குறைந்த ஆழமும் கொண்ட மண்சட்டி அது. உள்பக்கம் முழுக்க வரிவரியாகப் பள்ளங்கள் சுற்றி ஓடும். அரிசியில் கல் அரிப்பதற்கென்றே செய்தது. பாட்டிக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். ரஜுலா கப்பலில் வந்து இறங்கியபோது கொண்டுவந்த சாமான்களில் உடையாமல் மிஞ்சியது இது ஒன்றுதான் என்பார்.

அவர் அரிப்பதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சட்டியில் அரிசியைப் போட்டு, அது முழுகத் தண்ணீர் விடுவார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து முன்னும் பின்னுமாக ஓர் ஆட்டு ஆட்டுவார். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தண்ணீர் கொஞ்சம் அரிசியைத் தூக்கிக்கொண்டு விளிம்பைத் தாண்டி, கீழே வைத்திருக்கும் பானைக்குள் விழும். கல்லெல்லாம் அந்த வரிப் பள்ளங்களில் தங்கிவிடும். கடைசியில் ஒரு கைப்பிடி அரிசியும் கல்லும் கலந்து நிற்கும். அங்கேதான் பாட்டியின் வேகம் குறையும். புதுத் தண்ணீர் விட்டு, முன்பைவிட மெதுவாக, அதை மட்டும் தனியாக இன்னொரு முறை அரிப்பார். அதற்கும் பிறகு மிஞ்சும் சிட்டிகை கோழிக்குப் போகும். "அரிசி முழுக்க வேணும்னா கல்லும் கொஞ்சம் வரும். கல்லே வேணாம்னா அரிசி கொஞ்சம் போவும்" என்பார். தாதுப் பிரிப்பு படித்த பொறியாளர்கள் வரைபடம் போட்டு விளக்கும் விதி இது. தரம் என்பது திரட்டியது எவ்வளவு சுத்தம் என்பது, மீட்பு என்பது இருந்ததில் எவ்வளவு கைக்கு வந்தது என்பது. தரத்தைக் கூட்டினால் மீட்பு குறையும், மீட்பைக் கூட்டினால் தரம் குறையும். உலகத்தில் எந்தச் சுரங்கமும் இந்த இழுபறியிலிருந்து தப்பியதில்லை.

நான் இடைநிலைப்பள்ளியில் 26 ஆண்டு வேதியியல் சொல்லிக் கொடுத்தேன், மலாயிலும் ஆங்கிலத்திலும். உலோகம் எடுக்கும் பாடத்தில் உலைக்கு ஏழெட்டுப் பக்கம் இருக்கும். கரி, வெப்பம், சமன்பாடு, மின்னாற்பகுப்பு எல்லாம் விரிவாக இருக்கும். அதற்கு முந்திய வேலை, அதாவது தோண்டி எடுத்த மண்ணிலிருந்து வேண்டியதை மட்டும் திரட்டும் அடர்ப்பித்தல் வேலை, அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். புவியீர்ப்பு முறை, நுரை மிதப்பு முறை, காந்தப் பிரிப்பு, வேதிக் கழுவல் என்று நான்கு பெயர்களைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, அடுத்த வாரமே மறந்துவிடுவார்கள். எனக்கு அதில் ஆறவே ஆறாத வருத்தம். ஒரு தாதுவின் கதையில் பாதிக்கு மேல் அங்கேதான் நடக்கிறது.

ஒரு கணக்கைப் பாருங்கள். இன்று உலகில் தோண்டப்படும் செம்புத் தாதுவில் நூற்றுக்கு அரை, முக்கால் பங்கு செம்பு இருந்தாலே பெரிய விஷயம். 0.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ பாறையில் செம்பு 6 கிலோ. மீதி 994 கிலோவையும் உலையில் போட்டு உருக்கினால் எரிபொருளுக்கே சொத்து போய்விடும். போதாக்குறைக்கு, அந்தக் கசடு கிடைக்க வேண்டிய செம்பையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். அதனால் முதலில் அந்த 1,000 கிலோவைச் சுமார் 20 கிலோ தூளாகச் சுருக்குகிறார்கள். அப்புறம்தான் நெருப்பு. பாடநூல் தாதுக்கூளம் என்று சொல்வது இந்த வேண்டாத பங்கைத்தான்.

நான்கு பெயர்கள் இருந்தாலும் உள்ளே இருக்கும் கேள்வி ஒன்றுதான். இந்த மணிக்கும் அந்த மணிக்கும் என்ன வேறுபாடு? எடையிலா, காந்தம் இழுப்பதிலா, மேற்பரப்பு நனைவதிலா, ஏதாவது ஒரு திரவத்தில் கரைவதிலா? அந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்துவிட்டால் கருவி தன்னால் வரும். பாட்டிக்குக் கிடைத்த வேறுபாடு எடை. கருவி, வரி போட்ட சட்டி.

சட்டி கைக்கு வந்த அன்று இரவு, ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அரிசி மணியின் அடர்த்தி தண்ணீரைப்போல் சுமார் 1.45 மடங்கு. சாதாரணக் கல்லுக்கு, அதாவது குவார்ட்ஸுக்கு, 2.65. காற்றில் வைத்துப் பார்த்தால் கல் அரிசியைவிட இரண்டு மடங்குகூட கனமில்லை. தண்ணீருக்குள் போனதும் நிலைமை மாறிவிடுகிறது. ஒவ்வொரு பொருளும் தன் பருமன் அளவுத் தண்ணீரின் எடையை இழக்கும் என்பது நாம் படித்ததுதான். ஆளுக்கு ஒன்றைக் கழித்தால் அரிசி 0.45, கல் 1.65. இப்போது கல் 3.7 மடங்கு கனம். பாட்டி தண்ணீர் விட்டது வெறுமனே கழுவுவதற்கு இல்லை. தண்ணீர்தான் அங்கே தராசு.

அடுத்து ஈயத்துக்கு அதே கணக்கைப் போட்டேன். ஈயத் தாதுவான கேசிட்டரைட்டின் அடர்த்தி ஏறக்குறைய 7. அதைச் சுற்றிக் கிடக்கும் மணல் அதே குவார்ட்ஸ், 2.65. ஒன்றைக் கழித்தால் 6-க்கு 1.65. மடங்கு 3.6. பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அரிசியில் கல் அரிப்பதும் மணலில் ஈயம் அரிப்பதும் கிட்டத்தட்ட ஒரே எண். இந்த எண் 2.5-ஐத் தாண்டினால் தண்ணீரை வைத்துச் சுலபமாகப் பிரித்துவிடலாம் என்பது இந்தத் தொழிலின் பழைய அளவுகோல். 1.25-க்குக் கீழே போனால் தண்ணீரை நம்பிப் பயனில்லை. மலாயாவின் ஈயத் தொழில் முழுக்க அந்த 3.6-இன் மேல் எழுந்தது. அதில் ஒரே ஒரு வித்தியாசம்தான். பாட்டி கனமானதை எறிந்து லேசானதை வைத்துக்கொண்டார். ஈயக்காரர்கள் லேசானதை ஓடவிட்டுக் கனமானதை வைத்துக்கொண்டார்கள்.

(ஈயம் என்றதும் தமிழ்நாட்டு நண்பர்கள் காரீயத்தை நினைத்துக்கொள்கிறார்கள். இங்கே நாங்கள் ஈயம் என்பது வெள்ளீயத்தை. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறோம் என்பார்களே, ஈயச் சொம்பில் ரசம் வைப்பார்களே, அந்த ஈயம்.)

கோலாலம்பூர் என்ற ஊரே இந்த அரிப்பில் பிறந்ததுதான். 1857-இல் கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் இடத்தில் 87 சீனத் தொழிலாளர்கள் படகில் வந்து இறங்கி, காட்டுக்குள் நடந்து அம்பாங் பக்கம் ஈயம் தேடினார்கள். ஒரே மாதத்தில் காய்ச்சலில் செத்தவர்கள் போக மிஞ்சியது 18 பேர். அப்படியும் ஊர் நின்றது, காரணம் மண்ணில் ஈயம் இருந்தது. மலைப்பாறையில் இருந்த ஈயத்தை மழையும் ஆறும் பல லட்சம் ஆண்டுகளாக உடைத்து, அடித்து வந்து, பள்ளத்தாக்கில் வண்டலாகச் சேர்த்துவைத்திருந்தன. முதல் அரிப்பை ஆறே செய்து கொடுத்திருந்தது. அந்த வண்டலிலும் ஒரு கன மீட்டருக்குச் சில நூறு கிராம் ஈயம் இருந்தாலே நல்ல நிலம். மீதியை மனிதன் அரிக்க வேண்டும்.

அரிக்கன் சட்டியைப் பிரித்து நீளமாக நீட்டினால் எப்படி இருக்கும்? அதுதான் பாலோங். மரச்சட்டங்களின் மேல் சாய்வாக உயர்ந்து நிற்கும், பல பத்து மீட்டர் நீளமான மரக் கால்வாய். கீழே குழியில், குழாயிலிருந்து பீறிடும் தண்ணீரால் மண்சுவரை அடித்துக் கரைப்பார்கள். அந்தச் சேற்றைப் பம்பு உறிஞ்சிப் பாலோங்கின் உச்சிக்கு ஏற்றும். கால்வாயின் தரையில் குறுக்கே அடுக்கடுக்காகக் கட்டைகள். சேறு ஓடி வரும்போது மணல் கட்டைகளைத் தாண்டிப் போய்விடும், ஈயம் கட்டைகளுக்குப் பின்னால் படிந்துவிடும். பாட்டியின் சட்டியில் வரிப் பள்ளம் செய்த வேலையை இங்கே கட்டை செய்தது. குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை பம்பை நிறுத்தி, கட்டைகளை எடுத்துவிட்டு, படிந்ததை வாரி மறுபடி கழுவுவார்கள்.

பாலோங்கிலிருந்து தப்பி ஓடும் தண்ணீரில் டூலாங் பிடித்துக்கொண்டு பெண்கள் நிற்பார்கள். டூலாங் என்றால் மரத்தைக் குடைந்து செய்த, தாம்பாளம் போன்ற அகன்ற தட்டு. பெரும்பாலும் சீனப் பெண்கள். இதற்கு அப்போது அரசாங்க உரிமம் இருந்தது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்தபடி தட்டைச் சுழற்றுவார்கள். அப்பா எனக்கு டூலாங் காட்டியது வீட்டுக்குப் பின்னால் இருந்த வாய்க்காலில். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். தட்டு நிறைய மணல், கொஞ்சம் தண்ணீர். முதலில் உள்ளே கைவிட்டுக் களிமண் கட்டிகளை நசுக்கிக் கரைத்தார். பிறகு தட்டைத் தண்ணீரின் மேல் மிதக்கவிட்ட மாதிரி வைத்து ஒரே சீராகச் சுழற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் வெள்ளை மணல் விளிம்பில் வழிந்தது. பத்து நிமிடம் இருக்கும். நடுவில் பிறை வடிவத்தில் கறுப்புக் கோடு ஒன்று மிஞ்சியது. கட்டை விரலால் அதைத் தள்ளிக் காட்டி, "இந்தா, வால்ல இருக்கிறது அமாங். தலையில இருக்கிறது ஈயம்" என்றார். எனக்கு இரண்டும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது.

அந்த அமாங்தான் அப்பாவின் வேலை.

ஈயத்தோடு சேர்ந்து கனமான வேறு மணல்களும் அடியில் தங்கிவிடும். இல்மனைட், சிர்க்கான், மோனசைட், செனோடைம். இவற்றுக்கெல்லாம் சேர்த்து மலாயில் அமாங் என்று பெயர். முன்னாளில் ஈயத்தைக் கெடுக்கும் குப்பை என்று ஒதுக்கிக் குவித்துவைத்தார்கள். பிறகுதான் ஒவ்வொன்றுக்கும் விலை வந்தது. இல்மனைட்டிலிருந்து வெள்ளைப் பெயிண்டுக்கு டைட்டேனியம், சிர்க்கானிலிருந்து ஓடுகளுக்கும் பீங்கானுக்கும் பளபளப்பு, மோனசைட்டிலும் செனோடைமிலும் அருமண் தனிமங்கள். நேற்றுவரை தாதுக்கூளம் என்று சொன்னதை இன்று தாது என்கிறோம். மணல் அதே மணல்தான்.

இங்கே பாட்டியின் முறை கைகொடுக்காது. இல்மனைட்டின் அடர்த்தி 4.7. ஒன்றைக் கழித்தால் 3.7. ஈயத்தின் 6-ஐ அதால் வகுத்தால் 1.6-தான் வரும். எவ்வளவு சுழற்றினாலும் வால் தலையோடு கலந்துகொண்டே இருக்கும். அப்போது வேறு வேறுபாட்டைத் தேட வேண்டியதுதான்.

அப்பா வேலை பார்த்த கொட்டாயில் முதலில் மணலைச் சூடான இரும்புத் தகட்டில் பரப்பி உலர்த்துவார்கள். ஈரம் துளி இருந்தாலும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஏமாற்றிவிடும். உலர்ந்த மணல் ஒரு பட்டையில் மெல்லிய படலமாக ஓடும். மேலே வரிசையாகக் காந்த வட்டுகள் சுழன்றபடி இருக்கும். முதல் வட்டின் இழுப்பு குறைவு, அடுத்ததற்குக் கூடுதல், அதற்கடுத்ததற்கு இன்னும் கூடுதல். முதல் வட்டு இல்மனைட்டைத் துள்ளத் துள்ளத் தூக்கிப் பக்கத்துத் தொட்டியில் போடும். அடுத்தது செனோடைம். கடைசி, மோனசைட். ஈயத்தையும் சிர்க்கானையும் எந்தக் காந்தமும் அசைக்காது. அவை இரண்டும் பட்டையின் முனைவரை சேர்ந்தே போய்விடும்.

அந்த இரண்டையும் பிரிப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேசிட்டரைட் மின்சாரத்தைக் கடத்தும், சிர்க்கான் கடத்தாது. சுழலும் உருளையின் மேல் மணலை விழவிட்டு, பக்கத்தில் உயர் மின்னழுத்தக் கம்பி ஒன்றை வைத்து எல்லா மணிக்கும் மின்னூட்டம் ஏற்றுவார்கள். ஈய மணி வாங்கிய மின்னூட்டத்தை உடனே உருளைக்குக் கொடுத்துவிட்டு வெளியே தெறித்துவிடும். சிர்க்கான் கொடுக்கத் தெரியாமல் உருளையோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், தூரிகைதான் அதைத் துடைத்துத் தள்ளும். "ஒண்ணு கையில வாங்கினதைக் கொடுத்துட்டுப் போற மனுசன். இன்னொண்ணு கஞ்சன்" என்பார் அப்பா. வகுப்பில் மின்கடத்திப் பாடம் வரும்போதெல்லாம் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். பின் பெஞ்சுவரை புரிந்துவிடும்.

இதையெல்லாம் அப்பா பாட்டியிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. "எங்க ஊர்க் கடக்கரை மண்ணு அப்படித்தான். கறுப்பும் செவப்புமா கெடக்கும்" என்றார். அவர் சொன்னது மணவாளக்குறிச்சி கடற்கரை. 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்தப் பகுதி மணலில் மோனசைட்டைக் கண்டறிந்தார். ஐரோப்பாவுக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலை வைத்துத்தான் அவருக்குத் துப்பு கிடைத்தது. இன்றும் அங்கே இந்திய அரசின் அருமணல் ஆலை இல்மனைட்டையும் சிர்க்கானையும் மோனசைட்டையும் இதே காந்தம், இதே மின்உருளை கொண்டுதான் பிரிக்கிறது. கடலைத் தாண்டி வந்த எங்கள் குடும்பத்துக்கு, அந்த மணல் இந்தப் பக்கத்திலும் காத்துக்கொண்டிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அது கதிரியக்கம் உள்ளது. மண்ணில் பரவலாகக் கிடக்கும்போது அது ஒரு பொருட்டில்லை. அடர்ப்பித்தல் என்றால் வேண்டியதை மட்டுமா ஒன்றுகூட்டுகிறோம்? அதோடு வரும் ஆபத்தையும் சேர்த்தே ஒன்றுகூட்டுகிறோம். அப்பாவின் கொட்டாயில் உலர்ந்த மணல் ஓடும்போது கிளம்பும் தூசியை அவர் ஒரு கைக்குட்டையால்தான் மறைத்துக்கொண்டார். முகமூடி யாரும் கொடுக்கவில்லை, அது எதற்கு என்று சொல்லவும் இல்லை. பின்பக்கத்தில் மோனசைட் குவியல் திறந்தே கிடக்கும். சாப்பாட்டுத் தூக்கு கொண்டுபோன நாள்களில் நானும் தம்பியும் அதில் ஏறிச் சறுக்கியிருக்கிறோம். கடைசி ஆறு ஆண்டுகள் அப்பா இருமிக்கொண்டே இருந்தார். எதனால் என்று எந்த மருத்துவரும் எழுதித் தரவில்லை. எனக்கு இன்றும் அந்தக் கோபம் போகவில்லை. ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் 1980-களில் மோனசைட்டிலிருந்து அருமண் எடுத்த ஆலைக்கு எதிராக ஊர்மக்கள் நீதிமன்றம் போனார்கள், ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1994-இல் அந்த ஆலை மூடப்பட்டது. அந்தச் செய்திகளை அப்பா ஒரு வரி விடாமல் படித்தார்.

சரி, பாறைக்கு வருவோம். வண்டல் ஈயத்துக்கு இயற்கை அரைத்துக் கொடுத்துவிட்டது. பகாங்கில் சுங்கை லெம்பிங் போன்ற இடங்களில் ஈயம் கடும்பாறைக்குள் இருந்தது. அங்கே உடைத்து அரைத்த பிறகுதான் அரிக்க முடியும். நெல்லைக் குத்தாமல் புடைத்தால் உமிதான் அரிசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தாது மணியும் கல் மணியும் ஒன்றைவிட்டு ஒன்று கழன்று வரும் அளவுக்கு அரைக்க வேண்டும், அதற்கு மேல் அரைக்கவும் கூடாது. கேசிட்டரைட் நொறுங்கும் குணமுள்ளது. மாவாகிவிட்டால் அவ்வளவு கனமும் பயனில்லாமல் தண்ணீரோடு சேறாகப் போய்விடும். நொய்யாகிப் போன அரிசி கழுநீரோடு போவதைப் பார்த்திருப்பீர்கள்.

செம்பு, காரீயம், துத்தநாகம் ஆகியவற்றின் கந்தகத் தாதுக்கள் பெரும்பாலும் மாவாக அரைத்தால்தான் கல்லைவிட்டுக் கழலும். மாவை எடையால் பிரிக்க முடியாது. அதற்காக வந்ததுதான் நுரை மிதப்பு முறை. இதன் சூட்சுமம் நம் பேச்சிலேயே இருக்கிறது. ஒட்டாத உறவைத் தாமரை இலைத் தண்ணீர் என்கிறோம். தாமரை இலை ஏன் நனைவதில்லை? அதன் மேல் ஒரு மெழுகுப் படலம் இருக்கிறது. அரைத்த தாது மாவைத் தண்ணீரில் கலக்கி, சாந்தேட் என்னும் மருந்தைத் துளியளவு சேர்த்தால், அது கந்தகத் தாது மணிகளின் மேல் மட்டும் போய் ஒட்டி, ஒவ்வொரு மணியையும் ஒரு குட்டித் தாமரை இலை ஆக்கிவிடும். குவார்ட்ஸ் மணிகள் நனைந்தபடியே இருக்கும். அடியிலிருந்து காற்றை ஊதினால், தண்ணீரைப் பிடிக்காத மணிகள் குமிழியைப் பிடித்துக்கொண்டு மேலே வரும். பைன் எண்ணெய் போட்டிருப்பதால் நுரை உடையாமல் நிற்கும். வழித்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். நான் வகுப்பில் சோடாவில் உலர்திராட்சையைப் போட்டுக் காட்டுவேன். சுருக்கங்களில் குமிழி ஒட்ட ஒட்டத் திராட்சை எழும்பும், மேலே வந்து குமிழி உடைந்ததும் மூழ்கும், மறுபடி எழும்பும்.

இங்கே கனமான தாது மேலே வருகிறது, லேசான கல் அடியில் கிடக்கிறது. பாட்டியின் சட்டிக்கு நேர் தலைகீழ். தாதுவின் எடையை இந்த முறை பொருட்படுத்துவதே இல்லை, தோலை மட்டும் பார்க்கிறது.

இன்னும் நுட்பம் உண்டு. காரீயத் தாதுவான கலீனாவும் துத்தநாகத் தாதுவும் சேர்ந்தே கிடக்கும், இரண்டும் கந்தகத் தாது, இரண்டும் மிதக்கப் பார்க்கும். அப்போது சோடியம் சயனைடைச் சிறிது சேர்த்தால் அது துத்தநாக மணிகளை மட்டும் மிதக்கவிடாமல் அமுக்கிவைக்கும். காரீயத்தை வழித்தெடுத்த பிறகு செம்பு சல்ஃபேட்டைச் சேர்த்துத் துத்தநாகத்தை எழுப்பிவிடுவார்கள். ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் காரீயம் எடுத்தபின் மிஞ்சிய துத்தநாகக் கழிவு மலைமலையாகக் கிடந்தது. 1900-களின் தொடக்கத்தில் இந்த முறை தொழிலாக வளர்ந்ததே அந்தக் கழிவை என்ன செய்வது என்ற கேள்வியால்தான். நம் கேசிட்டரைட்டோ ஆக்சைடு, அதனால் சாந்தேட்டுக்கு மசியாது. ஈயத் தூளோடு ஒட்டிவந்த பைரைட் போன்ற கந்தகக் கழிசலை மிதக்கவைத்து ஓட்டிவிட இந்த முறை உதவும்.

வேதிக் கழுவலைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை, நான் அதை அருகில் இருந்து பார்த்ததில்லை. அலுமினியத் தாதுவான பாக்சைட்டைச் சூடான காரச் சோடாக் கரைசலில் அழுத்தத்தில் வேகவைத்தால் அலுமினா கரைந்துவிடும், இரும்பு சிவப்புச் சேறாக அடியில் நிற்கும். தங்கத்துக்குச் சயனைடு. கோலாரில் சுரங்கம் 2001-இல் மூடிய பிறகும் அந்தச் சயனைடு மண்மேடுகள் ஊருக்கு நடுவே நிற்கின்றன. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அந்த மேட்டிலிருந்து வரும் காற்று நன்றாகத் தெரியும்.

எங்கள் ஊரில் மிஞ்சியது தண்ணீர். 1979-இல் மலேசியா சுமார் 63,000 டன் ஈயம் எடுத்தது, உலகத்தின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. 1985 அக்டோபரில், ஈயத்தை வாங்கிவைத்து விலையைத் தாங்கிப்பிடித்த அனைத்துலக ஈய மன்றத்தின் கையிருப்புப் பணம் தீர்ந்துபோக, லண்டன் சந்தையில் ஈய வியாபாரமே நின்றது. விலை பாதியாகச் சரிந்தது. பாலோங்குகள் ஒவ்வொன்றாக நின்றன, அமாங் கொட்டாயும் சில ஆண்டில் படுத்தது. தோண்டிய குழிகளில் மழைநீர் நிரம்பி ஏரிகளாயின. சுங்கை பீசியைத் தாண்டி, இன்று பேரங்காடியும் படகுச் சவாரியுமாக இருக்கும் மைன்ஸ் ஏரி, உலகின் மிகப் பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்த குழி. சன்வேயின் தண்ணீர்ப் பூங்காவும் பழைய ஈய நிலத்தில்தான் நிற்கிறது. ஈயக் கப்பல், அதாவது வாளிச் சங்கிலியால் மண்ணை அள்ளி உள்ளேயே அரிக்கும் மிதவை, பார்க்க ஆசையிருந்தால் பேராக்கில் பத்து காஜா பக்கம் போக வேண்டும். 1938-இல் கட்டி 1982வரை ஓடிய தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் கப்பல் அங்கே நிற்கிறது, 4,500 டன் எடை. வாளிச் சங்கிலியைவிட அதன் வயிற்றில் இருக்கும் ஜிக் தொட்டிகளைப் பாருங்கள். தண்ணீரை மேலும் கீழும் துடிக்கவிட்டு ஈயத்தை அடியில் இறக்கும் தொட்டிகள். அரிக்கும் வேலை நடந்த இடம் அது.

போன மாதம் அப்பாவின் பாட்டிலை எடுத்துக்கொண்டு, நான் முன்பு வேலை பார்த்த பள்ளியின் ஆய்வகத்துக்குப் போனேன். ஐந்தாம் படிவப் பிள்ளைகள் ஏழு பேர் இருந்தார்கள். முதலில் காந்தம் வைத்துப் பார்த்தோம், ஒரு மணிகூட எழவில்லை. "அப்போ இல்மனைட் இல்லை, டீச்சர்" என்றாள் ஒரு பெண். ஈயத்துக்கு ஒரு பழைய சோதனை இருக்கிறது. துத்தநாகத் தகட்டின் மேல் மணிகளை வைத்து, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சில சொட்டு விட வேண்டும். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து கிளப்பும் ஹைட்ரஜன், கேசிட்டரைட் மணியின் மேற்பரப்பில் இருக்கும் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். மணியின் மேல் உலோக ஈயம் ஒரு பூச்சாகத் தெரியும். மற்ற மணிகள் மாறாது.

இடுக்கியால் பன்னிரண்டு மணிகளை எண்ணித் தகட்டில் வரிசையாக வைத்தோம். அமிலம் விட்டதும் நுரைத்தது. பிள்ளைகள் தலையோடு தலை முட்டக் குனிந்து பார்த்தார்கள். சில நிமிடம் கழித்து அமிலத்தை வழித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். பழுப்பாக இருந்த மணிகள் பழைய வெள்ளிக் கொலுசின் நிறத்தில் மங்கலாக மின்னின. அந்தப் பெண்தான் இடுக்கியின் முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டில் பதினொன்று.